நதிக்கரைச் சங்கமும் நாட்டு மக்களும்

பாய்ப்படகுச் சங்கம் ஒன்றைப் பற்றித் தலையங்கம் தீட்டுவானேன் என்று நேயர்கள் சிலர் வினவக்கூடும். செல்வர்கள் காற்று வாங்குவதற்காக நடத்தும் கேளிக்கைக்கும் தேசத்தின் வாழ்வுக்கும் சம்பந்தம் யாது என்பது அவர்கள் கேள்வி. சம்பந்தம் உண்டு என்பதே நமது அபிப்பிராயம். நதியும் கடலும் எவருக்கும் பட்டா செய்து கொடுக்கப்பட்டவை அல்ல. ஆயினும் அவற்றின் கரையில் நிற்கும் வாயிற்கதவு எவருக்குத் திறக்கிறது, எவருக்கு அடைபடுகிறது என்பதைக் கொண்டே ஒரு சமூகத்தின் நிலையை அளந்துவிடலாம். அயர்லாந்தின் தெற்கே, கிராஸ்ஹேவன் என்னும் ஊரில், ஓவன்பாய் நதிக்கரையில் அமைந்துள்ள ராயல் கார்க் யாட் கிளப்பின் சரித்திரம் இதற்கு நல்ல உதாரணமாகும். உலகில் இத்தகைய சங்கங்களுள் மிகப் பழமையானது என்ற கீர்த்தி அதற்கு உண்டு.

1720-ம் வருஷத்தில் இஞ்சிகுவின் பிரபுவும் அவருடைய நண்பர்கள் சிலரும் கார்க் துறைமுகத்திலுள்ள ஹால்போலின் தீவில் கூடி இச்சங்கத்தைத் தோற்றுவித்தனர். இருபத்தைந்து பேருக்கு மேல் அங்கத்தினர் இருத்தலாகாது என்று விதித்துக் கொண்டார்கள். விருந்தில் எத்தனை புட்டி மது வைக்கலாம் என்பதற்கும் விதி செய்தார்கள். போஜனத்துக்குப் பிறகு படகோட்டுவதைப் பற்றிப் பேசுகிறவன் ஒரு கோப்பை மதுவைத் தண்டனையாகக் குடிக்க வேண்டுமாம்! இந்த வேடிக்கையைக் கண்டு நாம் கோபிக்கவில்லை. ஆனால் அதே நாட்களில் ஐந்து பவுனுக்கு மேல் விலையுள்ள குதிரையை வைத்துக்கொள்ளவும், நிலம் கிரயம் வாங்கவும் கத்தோலிக்க ஐரிஷ்காரனுக்குச் சட்டம் இடந்தரவில்லை என்பதை மறப்பதற்கில்லை. நாட்டுக்கு உரியவன் குதிரையேறவும் தடை இருந்தபோது, அவனுடைய கடலில் இருபத்தைந்து பேர் பாய் விரித்தார்கள்.

காலம் செல்லச் செல்லச் சங்கத்தின் படாடோபம் வளர்ந்தது. 1831-ல் நான்காம் வில்லியம் மன்னர் 'ராயல்' என்ற அடைமொழியை அருளினார். 1849-ல் விக்டோரியா ராணி விஜயம் செய்ததன் ஞாபகார்த்தமாகத் துறைமுகத்திலிருந்த கோவ் நகரத்துக்குக் குவீன்ஸ்டவுன் என்று பெயர் மாற்றினார்கள். 1854-ல் அந்நகரின் நீர்முகத்தில் சங்கத்துக்கு அழகிய மாளிகை ஒன்று எழுந்தது. அந்த வருஷங்கள் எத்தகையவை? உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப்போய், சுமார் பத்து லட்சம் ஐரிஷ் மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்து, ஏறக்குறைய அதே தொகையினர் தேசத்தை விட்டு ஓடிய கொடிய பஞ்சத்தை அடுத்த வருஷங்கள் அவை. அமெரிக்காவுக்குச் செல்லும் கப்பலை எதிர்பார்த்து மூட்டை முடிச்சுகளுடன் ஏழைகள் காத்துக் கிடந்த அதே துறையில்தான் பிரபுக்களின் மாளிகையும் விளங்கியது. ஒரே கடல் சிலருக்கு விளையாட்டு மைதானமாகவும் பலருக்கு நாடு கடத்தும் பாதையாகவும் இருந்தது.

எனினும் பாய்ப்படகு என்பதே அன்னிய ஆதிக்கத்தின் சின்னம் என்று முடிவு கட்டுவது தவறாகும். 1914-ம் வருஷம் ஜூலை மாதம் 26-ந் தேதி எர்ஸ்கின் சில்டர்ஸ் என்பவர் தமது ஆஸ்கார்ட் என்னும் உல்லாசப் படகில் தொள்ளாயிரம் துப்பாக்கிகளை ஏற்றிவந்து ஐரிஷ் தொண்டர்களுக்காக ஹோத் துறையில் இறக்கினார். அவருடன் வந்த மாலுமிகளுள் இருவர் டோனிகால் பகுதியைச் சேர்ந்த மீனவர்கள். ஆயுத மார்க்கம் நமக்கு உவப்பானதன்று. அம்மார்க்கத்தை இங்கு நாம் போற்றவும் இல்லை. செல்வரின் படகும் மீனவரின் கைத்திறமும் தேசத்தின் பொருட்டு ஒன்றுசேர முடிந்தது என்பதையே சுட்டுகிறோம்.

இதே முயற்சியில் மற்றொரு படகைச் செலுத்தியவர் கானர் ஓப்ரையன். சங்கத்தை நிறுவிய இஞ்சிகுவின் பிரபுவின் ஓப்ரையன் குலத்தில் வந்தவர். 1848-ல் கலகத்துக்குத் தலைமை வகித்துத் தாஸ்மானியாவுக்கு நாடு கடத்தப்பட்ட வில்லியம் ஸ்மித் ஓப்ரையனின் பேரர். கார்க் ஜில்லாவின் பால்டிமோர் என்னும் சிற்றூரில் கட்டப்பட்ட நாற்பத்திரண்டடி நீளமுள்ள படகில், 1923 ஜூனில் புறப்பட்டு 1925 ஜூனில் திரும்பி, உலகைச் சுற்றி வந்தார். புதிய ஐரிஷ் சுதந்திர ராஜ்யத்தின் மூவர்ணக் கொடியை முன்பின் கண்டறியாத துறைமுகங்கள் பல அதை முதன்முறையாகக் கண்டன. அப்படகின் பெயர் சேர்ஷா. ஐரிஷ் மொழியில் சுதந்திரம் என்பது அதன் பொருள். இருபத்தைந்து பேரின் கேளிக்கையாகப் பிறந்த கலை, இருநூறு வருஷம் கழிந்து, அதே குலத்தின் கைகளில் ஒரு தேசத்தின் குரலாயிற்று.

இனி நேயர்கள் ஆலோசிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. 1920-ஐ ஒட்டிய போராட்ட நாட்களில் ஐரிஷ் மக்கள் குவீன்ஸ்டவுன் என்ற பெயரைக் களைந்து பழைய பெயரையே நகரத்துக்கு வழங்கினர். சங்கமோ 'ராயல்' என்ற பட்டத்தை இன்றளவும் விடவில்லை. குடியரசில் ராஜப் பட்டம் எதற்கு என்று கடிபவர்களின் ரோஷத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் நகரம் வேறு, சங்கம் வேறு. நகரத்தின் பெயர் ஜனங்கள் அனைவருக்கும் உரியது, அதை அவர்களைக் கேளாமல் மாற்றியது அக்கிரமம், திருத்தியது நியாயம். சங்கத்தின் பெயரோ அங்கத்தினர் சுமக்கும் பழைய சட்டை. அச்சட்டையை எரிப்பதைவிட, கதவைத் திறப்பதே அவசரமான காரியம்.

1966-ல் அச்சங்கம் ராயல் மன்ஸ்டர் யாட் கிளப்புடன் இணைந்து, கோவ் நகர மாளிகையை விட்டுக் கிராஸ்ஹேவன் நதிக்கரைக்குக் குடிபெயர்ந்தது. பழைய மாளிகை இன்று கலைக்கூடமாகப் பயன்படுகிறது. ஆதியில் பிரபுக்கள் விருந்துண்ட ஹால்போலின் தீவில் இன்று ஐரிஷ் கடற்படையின் தலைமை ஸ்தானம் இருக்கிறது. மாளிகையைவிட நதிதான் தனக்கு ஆதாரம் என்று உணர்ந்ததனாலேயே சங்கம் முந்நூறு ஆண்டைக் கடந்தும் பிழைத்திருக்கிறது என்பது நமது கருத்து.

இவ்வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. சென்னைத் துறைமுகத்தில் 1911-ல் யாட் கிளப்பை நிறுவிய ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் ஐரிஷ்காரர். அவர் தலைமை வகித்த போர்ட் டிரஸ்டில்தான் 1912-ல் கணித மேதை ராமானுஜன் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். சென்னைக் கிளப்பும் 'ராயல்' பட்டத்தை இன்னும் தாங்கி நிற்கிறது. அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பாய்ப்படகுப் பந்தயங்களில் இந்தியாவின் சார்பில் சென்ற நால்வருள் சென்னை நங்கை நேத்ரா குமணனும் ஒருவர் என்பது நமக்குப் பெருமையே. நமது கவலை வேறு. காற்றின் திசையைத் தாய்ப்பாலுடன் அறிந்த மீனவச் சிறுவர்கள் துறைமுகத்தின் மறுபுறத்தில் எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பேருக்குப் பந்தயப் படகின் சுக்கான் கைக்கு எட்டுகிறது?

ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் சர்க்கார் நிலத்தைக் குறைந்த வாடகைக்கு அனுபவிக்கும் சங்கம் எதுவாயினும், அவ்வூரின் ஏழைச் சிறுவர்களுக்கு வருஷந்தோறும் இலவசமாகப் படகுப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதைக் குத்தகையின் நிபந்தனையாகவே எழுதிவிடலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. குத்தகையைப் புதுப்பிக்கும் அதிகாரியின் பேனாவில் சற்று உறுதி இருந்தால் போதும். அவ்வுறுதி தானே வராது; கேட்டால்தான் வரும். கேட்பது தேசத் தொண்டர்களின் கடமை.