ரூமி எழுத்தில் ஒரு தமிழ் அறிக்கை

கழகத்தின் செயலவையில் இரண்டு தவணை இருந்துவிட்டேன். முதல் தவணையில் துணைச் செயலாளர், அடுத்ததில் செயலாளர். பொறுப்பை ஒப்படைத்துவிட்ட இந்த வேளையில், கழகம் எனக்கு என்ன கற்றுத் தந்தது என்று இவ்விதழுக்கு எழுதித் தரச் சொன்னார்கள். தலைமைத்துவம், நேர நிர்வாகம், குழுவாகச் செயல்படும் பக்குவம் என்று எழுதலாம். அவை பொய்யும் அல்ல. நாளை வேலைக்கான நேர்முகத் தேர்வில் சொல்லிக்கொள்ளவும் உதவும். ஆனால் என் மனத்தில் தங்கியிருப்பது வேறொன்று. அதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். முதல் குற்றவாளி நான்தான்.

செயலாளராக இருந்த ஓராண்டில் நான் எழுதியவற்றை ஒருநாள் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தேன். ஹெச்.இ.பி. என்று நாம் சொல்லும் மாணவர் விவகாரப் பிரிவுக்குக் கடிதங்கள், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கெர்தாஸ் கெர்ஜா, மண்டபத்துக்கு விண்ணப்பம், பேருந்துக்கு விண்ணப்பம், நிகழ்ச்சி முடிந்ததும் அறிக்கை. எல்லாம் மலாய் மொழியில். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல்கலைக்கழக நிர்வாகத்தின் மொழி அது. கூட்டக் குறிப்பும் அங்கே போக வேண்டியிருப்பதால் அதுவும் மலாய். நமக்குள் புலனத்தில் பேசிக்கொள்வது தமிழ்தான் என்றாலும், எழுத்து ரூமி. அப்படியானால் தமிழ் எழுத்து எங்கே இருந்தது? மேடைப் பதாகையில், அழைப்பிதழில், அறிவிப்பாளர் கையிலிருந்த அட்டையில். தமிழ் எழுத்து நம் கழகத்தில் பட்டுச்சேலை மாதிரி ஆகிவிட்டது. விழாவுக்கு எடுத்து உடுத்துகிறோம். விழா முடிந்ததும் மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

இதைச் சரிசெய்யப் போகிறேன் என்று கிளம்பினேன். ஆண்டுக் கூட்டத்தில் எல்லா அறிக்கைகளையும் தமிழிலேயே படைக்க வேண்டும் என்று செயலவையில் முன்மொழிந்தேன். கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். பொருளாளர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டிலிருந்தே தேசியப் பள்ளியில் படித்தவள். அப்பாவுக்கு அடிக்கடி வேலை மாற்றம். அவர்கள் குடியிருந்த ஊர்களில் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இல்லை. வீட்டில் பேசுவது தமிழ். என்னைவிட நன்றாகவே பேசுவாள்; பாட்டியிடம் வளர்ந்ததால் வாயைத் திறந்தால் பழமொழி வரும். எழுத்து மட்டும் தெரியாது. முதலாண்டிலேயே கழகத்தில் சேர்ந்துவிட்டாள்.

கழகக் கணக்கைப் பார்ப்பது விளையாட்டு வேலையன்று. பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971-இல் வந்தது. 1975-இல் அதில் செய்யப்பட்ட திருத்தம், மாணவர் அமைப்புகள் தாமாகப் பணம் திரட்டுவதைத் தடுத்தது. நமக்கு முன்னிருந்த அண்ணன்மாரும் அக்காமாரும் அந்தக் கட்டுக்குள் நின்றுதான் விழா எடுத்தார்கள். 2024-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் அதைத் தளர்த்தியது. கட்டு தளர்ந்தால் கணக்கு இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? இவள் வைத்திருந்தாள். கடை ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், பொருள் வாங்கிய அன்றே அதை நகலெடுத்து, இரண்டையும் சேர்த்துக் கோத்து வைப்பாள். கோப்பைத் திறந்தால் ஒரு சென்னுக்கும் பதில் இருக்கும்.

ஆண்டுக் கூட்டத்துக்கு முதல் நாள், அவளுடைய பொருளறிக்கையை நானே நல்ல தமிழில் தட்டச்சு செய்து கொடுத்தேன். 'முந்தைய தவணையின் கையிருப்பு', 'நிலுவைத் தொகை', 'வரவு செலவு விவரம்' என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். எனக்குப் பெருமை. அன்றிரவு பன்னிரண்டு மணிக்கு மேல் தொலைபேசியில் அழைத்தாள். "நீ மெதுவா படி, நான் எழுதிக்கிறேன்" என்றாள். படித்தேன். அவள் ரூமியில் எழுதிக்கொண்டாள். அந்த நிமிடத்திலாவது நான் யோசித்திருக்கலாம்.

மறுநாள் மேடையேறிப் படித்தாள். 'நிலுவை' என்ற இடத்தில் தடுக்கியது. முன்வரிசையில் இருந்த ஒருவர் தாளை எட்டிப் பார்த்து, "ரூமியிலயா எழுதி வச்சிருக்க?" என்று கேட்டார். ஓரிருவர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. எல்லோரும் சிரிக்கும்போது வந்த சிரிப்பு. அவள் படித்து முடித்துவிட்டு இறங்கினாள். கணக்கைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

அடுத்த தவணைக்கு அவள் போட்டியிடவில்லை. கேட்டதற்குப் படிப்புச் சுமை என்றாள். சில வாரங்கள் கழித்து மமாக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது, "உங்க கழகத்துல பொங்கல் எப்போ?" என்று கேட்டாள். அதுவரை 'நம்ம கழகம்' என்றுதான் சொல்லுவாள்.

இதில் எனக்குச் சுடுகிற இடம் ஒன்று உண்டு. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். முதலாம் படிவத்தில் நாங்கள் 17 பேர். வகுப்பு பள்ளி முடிந்த பிறகுதான், பேருந்து போய்விடும். நான்காம் படிவத்தில் ஆறு பேர் ஆனோம். எங்கள் ஆசிரியை எண்ணிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை, வந்துகொண்டே இருந்தார். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்களைக் கையால் எழுதிப் படம் பிடித்துத் தொலைபேசியில் அனுப்பினார். எங்கள் எஸ்.பி.எம். 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. ஆறு பேரும் தமிழ் எழுதினோம். அந்த ஆசிரியை இல்லையென்றால், என் அப்பாவுக்கும் வேலை மாற்றம் வந்திருந்தால், மேடையில் ரூமித் தாளோடு நின்றிருப்பவள் நானாகவும் இருந்திருக்கலாம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் சிரித்தேன்.

'தமிழ் படிக்கத் தெரியாதவருக்குத் தமிழ்க் கழகத்தில் என்ன வேலை? கழகம் என்ன பாலர் பள்ளியா?' என்று மூத்தவர்கள் சிலர் கேட்பதுண்டு. அதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. மேடையில் ஒலிக்கும் தமிழ் தரமாக இருக்க வேண்டும். சொற்போரில் தப்பும் தவறுமாகப் பேசிவிட்டு 'ஆர்வம்தான் முக்கியம்' என்று தோளைத் தட்டிக்கொள்வதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் மேடையின் தரத்தைக் காப்பது வேறு, வாசலில் நின்று ஆள் பார்ப்பது வேறு. ஏற்கெனவே தமிழ் தெரிந்தவர்கள் கூடி, ஏற்கெனவே தமிழ் தெரிந்தவர்களுக்கு விழா எடுப்பதற்கு இத்தனை கெர்தாஸ் கெர்ஜா எதற்கு?

நம் விழாக்களைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். மண்டபம் நிறைகிறது. அதில் எத்தனை பேர் விடுதி இடத்துக்கான புள்ளிக்காக வந்து, பெயரைப் பதிந்து, உணவுப் பொட்டலம் வாங்கியதும் நழுவினார்கள் என்பது வருகைப் பதிவேட்டை வைத்திருந்த எனக்குத் தெரியும். நிகழ்ச்சி அறிக்கையில் நாள், இடம், வருகை, செலவு என்று கட்டங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டங்களை நிரப்புவதற்காகவே நாம் நிகழ்ச்சி நடத்தத் தொடங்கிவிட்டோமோ என்று எனக்கு ஐயம்.

போன பருவத்தில் நானும் இன்னொரு தோழியும் புதன்கிழமை இரவுகளில் விடுதிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்தோம். எழுத்துக் கற்க விரும்புபவர்கள் வரலாம் என்று வாய்வழியாகச் சொன்னோம். ஏழு பேர் வந்தார்கள். என் தம்பியின் பழைய ஆண்டு 1 பாடநூல்தான் கையேடு. ஒரு வெள்ளைப் பலகை இரவல். எழுதுகோல்களுக்கு 11 வெள்ளி 40 சென் ஆனது. மூன்றாம் வாரம் மூவர் நின்றுவிட்டார்கள். ண, ன, ந வந்த அன்று ஒருவர் மேசையில் தலையை வைத்துக்கொண்டார். மிஞ்சிய நால்வரில், இறுதியாண்டு பொறியியல் படிக்கும் அண்ணன் ஒருவர் ஊருக்குப் போய்வந்து, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தாத்தாவின் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தாமே படித்ததாகச் சொன்னார். அவர் 24 வயது வரை அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார்.

புதிய செயலவைக்கு என் கோரிக்கை பெரிதல்ல. ஆண்டு விழாவின் அலங்காரச் செலவில் ஒரு சிறு பங்கை எடுத்து இந்த மேசைக்குக் கொடுங்கள். புள்ளி வேண்டாம், பதாகையும் வேண்டாம். கூட்டக் குறிப்பை ஹெச்.இ.பி.க்கு மலாயில் அனுப்பிவிட்டு, நமக்கென்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அதைப் படிக்க முடியாத செயலவை உறுப்பினர் இருந்தால், கூட்டத் தொடக்கத்தில் யாராவது வாய்விட்டுப் படியுங்கள். யாரையும் தாளைக் கொடுத்து மேடையில் ஏற்றாதீர்கள். புதிய பொருளாளருக்கு ஒரு வார்த்தை: பழைய கோப்பில் ஐயம் இருந்தால் அவளைக் கூப்பிடுங்கள். போன மாதம் துணைப் பொருளாளர் கூப்பிட்டதற்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

அவள் இன்னும் புதன்கிழமை மேசைக்கு வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இக்கட்டுரையை அவளிடம் கேட்காமல் கொடுக்க மனம் வராமல், தொலைபேசியில் அழைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "போடு லா, பரவால" என்றாள். "ஆனா ஓரிருவர் சிரிச்சாங்கன்னு எழுதியிருக்க பாரு, அது தப்பு. ஆறு பேரு. உன்னையும் சேர்த்து."