முதலில் அளக்க வேண்டியது அறையை

வீட்டில் கோல்ஃப் சிமுலேட்டர், அதாவது திரையை நோக்கிப் பந்தடித்து விளையாடும் அமைப்பு, வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் புரொஜெக்டரிலிருந்து தொடங்குகிறார்கள். 16:9 வாங்கலாமா, 16:10 வாங்கலாமா, பழைய 4:3 போதுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்; கேட்கும் இடம்தான் தப்பு. அறையைப் பார்த்துத் திரை, திரையைப் பார்த்துப் புரொஜெக்டர். இந்த வரிசை மாறாமல் போனால் பாதிக் குழப்பம் தானே தீர்ந்துவிடும்.

அந்த எண்கள் சொல்வது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள உறவை மட்டுமே. 4:3 என்றால் நான்கு பங்கு அகலத்துக்கு மூன்று பங்கு உயரம். எட்டடி உயரப் படம் வேண்டுமானால், 4:3-க்கு 10 அடி 8 அங்குல அகலம் போதும். 16:10-க்கு ஏறக்குறைய 12 அடி 10 அங்குலம் வேண்டும். 16:9-க்கோ 14 அடிக்கு மேல் வேண்டும்.

இன்று எங்கும் காணும் 16:9, தொலைக்காட்சிக்காகப் பிறந்த சமரசம். 1980-களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ் முன்வைத்தது. பழைய தொலைக்காட்சியின் 4:3 படமும் திரையரங்கின் அகலப் படமும் ஒரே திரையில் அதிகம் வீணாகாமல் அடங்க வேண்டும் என்பதே நோக்கம். கோல்ஃப் பந்தின் பாதையை நினைத்து யாரும் அதை வகுக்கவில்லை. 2025 ஜனவரியில் ஃபுளோரிடாவில் தொடங்கிய டிஜிஎல் என்ற உள்ளரங்க சிமுலேட்டர் கோல்ஃப் போட்டியின் ராட்சதத் திரையைப் பாருங்கள்: 64 அடி அகலம், 53 அடி உயரம். 4:3-ஐவிடவும் சதுரத்துக்கு நெருக்கமான வடிவம். பந்து மேலே எழும் விளையாட்டுக்கு உயரம் வேண்டும்.

இப்போது ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வீடு ஒன்றின் கராஜில் இதற்கென ஒதுக்கிய பகுதி 12 அடி அகலம், கூரை ஒன்பதடி. திரையைச் சுற்றிச் சட்டமும், பந்து பட்டுத் தெறிக்காமலிருக்க மெத்தைத் துணியும் வேண்டும். இரு பக்கமும் எட்டெட்டு அங்குலம், மேலே ஓரடி விட்டால் மிஞ்சுவது 10 அடி 8 அங்குல அகலமும் எட்டடி உயரமும். சரியாக 4:3. நாம் தேர்ந்தெடுக்கவில்லை, அறையே சொல்லிவிட்டது.

இந்தத் திரையில் 16:9 படத்தை அகலம் முட்ட நிறுத்தினால் உயரம் ஆறடிதான் வரும். மேலே இரண்டடி இருட்டு; திரையில் கால் பங்கு வீண். பந்தை வைக்கும் இடம் திரைக்குப் பத்தடி தள்ளி என்றால், பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையால் அடித்து 35 டிகிரியில் எழும் பந்து ஏழடி உயரத்தில் திரையைத் தொடும். அதாவது படம் முடிந்த பிறகுள்ள இருட்டில். அடித்தவர் கண் பந்தைத் தொடர்ந்துபோய் வானத்தைத் தேடும். அங்கே வெறும் துணி. படத்தை மேலே ஏற்றிக் கட்டினால் கீழே இரண்டடி காலியாகும். காலடியிலிருந்து புல்தரை விரிந்து போவது போன்ற உணர்வு அறுந்துவிடும்.

அப்படியானால் 4:3 புரொஜெக்டர்தான் வாங்க வேண்டுமா? பலர் தடுமாறுவது இங்கேதான். திரையின் விகிதமும் புரொஜெக்டரின் விகிதமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. விலை குறைந்த 4:3 புரொஜெக்டர்கள் பலவற்றின் நுணுக்கம் 1024×768 பிக்சல். நம் திரையின் அகலம் 128 அங்குலம். அங்குலத்துக்கு எட்டே பிக்சல். 1920×1200 கொண்ட 16:10 புரொஜெக்டரில் பக்கங்களை விட்டுவிட்டு நடுவிலுள்ள 1600×1200-ஐ மட்டும் பயன்படுத்தினால் அங்குலத்துக்குப் பன்னிரண்டரை. சாதாரண 1920×1080 புரொஜெக்டரில் அதே முறையில் கிடைப்பது பதினொன்றே கால். 4கே என்றால் இருபத்திரண்டரை. வடிவம் பொருந்தியது என்பதற்காகக் குறைந்த நுணுக்கத்தை வாங்குவது நல்ல பேரமல்ல.

இப்படிப் பக்கங்களை விடுவதற்கு ஒரு விலை உண்டு. 16:9-ஐ 4:3 ஆக்கினால் கால் பங்கு ஒளி பயனில்லாமல் போகும். 3000 லூமென் புரொஜெக்டர் 2250 அளவுக்குத்தான் உழைக்கும். 16:10-இல் இழப்பு ஆறில் ஒரு பங்கு, 2500 மிஞ்சும். விடப்பட்ட பக்கங்களும் முழுக் கறுப்பாக இருக்காது, மங்கிய சாம்பல் ஒளி கசியும். திரையின் இரு பக்கமும் கறுப்புத் துணி இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு விலை தூரம். புரொஜெக்டரின் விவரக் குறிப்பில் த்ரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். முழுப் படத்தின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால், திரையிலிருந்து எவ்வளவு தள்ளி மாட்ட வேண்டும் என்பது தெரியும். முழுப் படம் என்பதில்தான் கவனம் வேண்டும். எட்டடி உயரம் வேண்டுமானால் 16:9 புரொஜெக்டர் உருவாக்கும் முழுப் படம் 14 அடிக்கு மேல் அகலம். அதில் பக்கங்கள் இருட்டாக இருந்தாலும் கணக்கு அதற்குத்தான். த்ரோ ரேஷியோ 0.5 என்றால் ஏழடி தள்ளி மாட்ட வேண்டும். 16:10 என்றால் ஆறரை அடிக்குச் சற்றுக் குறைவு. 0.8 உள்ள 16:9 புரொஜெக்டர் பதினோரு அடியைத் தாண்டிப் போய்விடும். பத்தடியில் நிற்பவரின் நிழல் திரையில் விழும், மட்டையும் இடிக்கலாம். வாங்கிய பிறகு கூரையில் ஆணி அடிக்க இடமில்லாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் திரையின் அகலத்தை மட்டும் பெருக்கிப் பார்த்தவர்கள்.

கணினிப் பக்கம் கவலை குறைவு. கணினியில் ரெசல்யூஷனை 1600×1200 என்பது போல 4:3 அளவில் வைத்தால், இன்றைய கோல்ஃப் மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த வடிவத்துக்கே காட்சியை வரைந்து தரும். புரொஜெக்டரின் அமைப்பில் போய்ப் படத்தை இழுத்து நிரப்ப மட்டும் வேண்டாம். உருண்டைப் பந்து முட்டையாகிவிடும். ஐபேடிலிருந்து படம் காட்டுபவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு: அதன் திரையே 4:3-ஐ ஒட்டியதுதான்.

எல்லா அறைக்கும் இதே விடை என்று சொல்லமாட்டேன். அறை 16 அடி அகலமாக இருந்தால் 16:9 தாராளமாகப் பொருந்தும். மாலையில் வீட்டார் படமும் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவிலான 14 அடி அறைக்கு 16:10 இயல்பாக அமையும். பத்தடி அகலமே உள்ள குறுகிய அறையில் சதுரத்தை ஒட்டிய திரையே நல்லது. படம் எந்த விகிதத்தில் இருந்தாலும், பந்தைத் தாங்கும் துணி மட்டும் சுவரையும் கூரையையும் எட்ட வேண்டும். அது அழகுக்காக அல்ல, பாதுகாப்புக்காக.

ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். சுவரில் ஒட்டுநாடாவால் திரையின் எல்லையை வரையுங்கள். பத்தடி தள்ளி நின்று மிக நீளமான மட்டையை மெதுவாகச் சுழற்றி, அது எட்டும் இடங்களைக் கூரையில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிகளுக்கு எட்டாத இடத்தில், நிழல் விழாத தூரத்தில் எந்தப் புரொஜெக்டர் இந்தச் சட்டத்தை நிரப்புமோ அதுவே உங்களுடையது.