டாக்டர் பேரைச் சொல்லுங்க!

மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கு 'வீட்டிலிருந்தபடியே சிகிச்சை' என்று செல்போனில் விளம்பரங்கள் வந்து குவிகின்றன. இந்த வாரம் ஒன்றைத் திறந்து கடைசி வரி வரை படித்தோம். மூன்று மாதத் தொகுப்பு இருக்கிறது, தள்ளுபடி இருக்கிறது, மாத்திரை டப்பாவின் படம் இருக்கிறது. டாக்டர் யார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. பெயர் இல்லை, படிப்பு இல்லை, பதிவு எண் இல்லை. 'எங்கள் நிபுணர் குழு' என்று ஒரே ஒரு வரி.

யாருங்க அந்தக் குழு?

2020 மார்ச் 25-ல், ஊரடங்கு தொடங்கிய அன்றே, மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆன்லைனில் மருத்துவரைக் காட்டும் நிறுவனம் ஒவ்வொருவரின் பெயரையும் தகுதியையும் பதிவு எண்ணையும் தந்தாக வேண்டும். மருந்துச் சீட்டிலும் அந்த எண் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தானாக மருந்து எழுதித் தரக் கூடாது. பொள்ளாச்சிச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாட்டுக்குப் பணம் கொடுப்பதில்லை. உடம்பை ஒப்படைக்கும்போது பதிவு எண்ணைக் கேட்க என்ன தயக்கம்? அம்மிணிகளே, பணம் கட்டும் முன் கேளுங்கள். எண்ணைச் சொன்னால் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். சொல்ல மறுத்தால் போனை வைத்துவிடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உடம்பில் குப்பென்று ஏறும் சூட்டுக்கும் இரவு வேர்வைக்கும் ஹார்மோன் சிகிச்சை நல்ல பலன் தரும். அதைப் பற்றி 2002-ல் அமெரிக்க ஆய்வொன்று கிளப்பிய பயம் பிறகு பெருமளவு தணிந்துவிட்டது. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவரா, ரத்தக்கட்டி இருந்ததா, கல்லீரல் எப்படி, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று விசாரிக்காமல் அதைக் கொடுக்கக் கூடாது. கர்ப்பப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்தால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். ஐந்து நிமிட அரட்டையில் மாத்திரை டப்பாவைத் தள்ளிவிடுகிறவர்கள் இதையெல்லாம் கேட்பார்களா? மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால், எந்தச் செயலியையும் திறக்க வேண்டாம். நேரே கோவை அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஊர் மகப்பேறு மருத்துவரிடமோ போய்விடுங்கள். நேரில் பரிசோதித்தே தீர வேண்டிய விஷயம் அது.

போன் வழி மருத்துவமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோமனூர்த் தறிக்குடோனிலும் திருப்பூர் பனியன் கம்பெனியின் அயர்ன் மேஜை முன்னும் நிற்கிற பெண்ணுக்கு அது மிகவும் தேவை. "ராத்திரி தூக்கமே இல்லீங்க" என்று அவர் சொன்னால், வீட்டில் கிடைக்கும் பதில் "வயசானா அப்படித்தான்". அதைத் தாண்டிப் போனால், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்ற யோசனை. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் அமல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. கத்தி வைப்பதற்கு முன் இன்னொரு மருத்துவரிடம் தமிழில், தனியாக, கூச்சமில்லாமல் கேட்க ஒரு வழி இருந்தால் எத்தனை பெண்கள் பிழைப்பார்கள்!

அந்த வழியை அரசு நினைத்தால் நாளையே திறக்கலாம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறது. வருகிற ஊழியரும் பெண்தான். 45 வயது தாண்டிய அம்மாவிடம் "தீட்டு நின்னுருச்சுங்களா, தூக்கம் வருதுங்களா, எலும்பு வலிக்குதுங்களா" என்று அவர் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பதிலைக் குறித்துக்கொண்டு, 2020-லிருந்து இலவசமாக இயங்கும் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவை வழியே மகளிர் மருத்துவரோடு பேசவைக்கலாம். வாரத்தில் ஒரு நாள் இதற்கென்றே ஒதுக்குங்கள். மில் தொழிலாளிகளுக்கு ஷிப்ட் முடிந்த பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல், அந்த மருத்துவர் இருக்கட்டும். கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டங்களில் முதலில் தொடங்குங்கள். சீட்டில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும்.