செட்டியாரின் சிபாரிசு

பரீட்சையே நடக்காத ஒரு வருஷத்துக்கு மதிப்பெண் போட்டே தீருவது என்று இரண்டு தேசத்து அதிகாரிகள் கங்கணம் கட்டிக்கொண்டு நின்ற காட்சியை 2020 ஆகஸ்டு மாதம் முழுவதும் பத்திரிகைகளில் பார்த்துப் பார்த்து எனக்கு உண்டான எரிச்சல், இதை எழுதி முடிப்பதற்குள் அடங்கும் என்று தோன்றவில்லை. மதிப்பெண் என்ற பேச்சு எழுந்தாலே இவனுக்குச் சாமி வந்துவிடும் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். இந்த வாரமும் பொறுத்தருள வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் மார்ச்சில் நடக்க வேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, கொரோனாவினால் தள்ளித் தள்ளிப் போய், ஜூன் 15 என்று நாள் குறிக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை சென்று, கடைசியில் ஜூன் 9ஆம் தேதி முதலமைச்சர் தேர்வையே ரத்து செய்து எல்லாரும் தேர்ச்சி என்று அறிவித்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்த மட்டோடு விட்டிருக்கலாம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம் என்று ஒரு கலவை தயாரித்து, 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆகஸ்டு 10ஆம் தேதி அதை மதிப்பெண்ணாக விநியோகித்தார்கள்.

காலாண்டுத் தேர்வை நம் பிள்ளைகள் எந்தப் பக்தியோடு எழுதுவார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியும். முழுப் பரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த சமாதானம். அந்த விடைத்தாள்களின் கதி என்ன? எங்கள் தெருமுனையில் வறுத்த வேர்க்கடலை விற்பவர் சுருட்டிக் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்தால், சிவப்பு மையில் 34 என்று சுழித்த மதிப்பெண்ணும், அதன் அடியில் பாதியில் நின்றுபோன ஒரு தேற்றமும் எண்ணெய்க் கறையோடு கிடக்கும். கடலைக்குப் போன காகிதம் ஜாதகமாகும் என்று டிசம்பரில் யார் கண்டார்கள்? வருகைப் பதிவேட்டின் கதை இதைவிடக் கொடுமை. தங்கைக்குக் காய்ச்சல், அம்மா நடவு வேலைக்குப் போய்விட்டாள், ஆகையால் நான்கு நாள் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு அந்தச் சேவையே மதிப்பெண் குறைவாக வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தில் நடந்தது வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு மாணவனும் எந்தத் தரம் பெறுவான் என்று ஆசிரியர்களையே எழுதிக் கேட்டார்கள். வகுப்பில் யார் முதல், யார் கடைசி என்று வரிசைப்படுத்தியும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ஆசிரியர் தாராளமாக எழுதியிருப்பார் என்ற சந்தேகத்தின் பேரில், ஆஃப்க்வால் என்ற தேர்வுக் கட்டுப்பாட்டு அமைப்பு, அந்தந்தப் பள்ளி முந்தைய வருஷங்களில் வாங்கிய தரங்களை வைத்து ஓர் அல்காரிதத்தை ஏவிவிட்டது. ஆகஸ்டு 13ஆம் தேதி ஏ-லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வந்தபோது, ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த தரங்களில் ஏறக்குறைய 39 சதவீதம் இறக்கப்பட்டிருந்தன. போன வருஷங்களில் சோபிக்காத பள்ளியில் அந்த வருஷம் ஒரு சூரப்பிள்ளை முளைத்திருந்தால், தனக்கு முன்னே படித்துவிட்டுப் போனவர்களின் பாவத்தை அவன் சுமக்க வேண்டியதாயிற்று. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் சொன்னதே நின்றது, அப்படிப்பட்ட வகுப்புகள் அதிகம் இருப்பதோ பணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளில். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். நான்காம் நாள் அரசாங்கம் பின்வாங்கி, ஆசிரியர் தந்த தரமே செல்லும் என்றது.

காகிதத்தை நம்புவோம், பதிவேட்டை நம்புவோம், கணக்குச் சூத்திரத்தை நம்புவோம். வருஷம் முழுவதும் அந்தப் பிள்ளையின் எதிரே நின்றவரை மட்டும் நம்பமாட்டோம் என்கிற இந்த மனோபாவத்தைக் கண்டு மனம் கசந்திருந்த வேளையில், கசப்புக்கு நான் வழக்கமாகத் தேடிப் போகும் மருந்தையே தேடிப் போனேன். மறுபடியும் ‘என் சரித்திரமா’ என்று கேட்பவர்களுக்கு, ஆம், மறுபடியும் அதுதான். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கி, ஆசிரியர் உ.வே. சாமிநாதையர் காலமானதால் முற்றுப்பெறாமல் நின்றுபோன அந்தச் சுயசரிதையில், 1880ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்றை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் உடல்நலக் குறைவினால் ஓய்வுபெற எண்ணியபோது, தம் ஸ்தானத்துக்குத் திருவாவடுதுறை மடத்திலிருந்த சாமிநாதையரைச் சிபாரிசு செய்கிறார். ஐயருக்கு அப்போது ஏறக்குறைய 25 வயது. பட்டம் கிடையாது, சர்வகலாசாலைப் பரீட்சை எதுவும் கிடையாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், 1876இல் அவர் மறையும் வரையில் கூடவே இருந்து பாடம் கேட்டது ஒன்றுதான் யோக்யதை. செட்டியாரும் அதே மகாவித்துவானின் மாணாக்கர், கண்டிப்புக்குப் பேர்போனவர், முகஸ்துதிக்காக ஒருவரைப் புகழக்கூடியவர் அல்லர். பிரிய மனமில்லாத மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் பேசி இணங்கவைத்து, இளைஞரைக் கும்பகோணத்துக்கு அழைத்துக்கொண்டு போகிறார். அங்கே கல்லூரித் தலைவர் கோபாலராவ் முதலிய ஆசிரியர்களின் முன்னிலையில் ஐயர் பாடல்களைச் சொல்லிப் பொருள் விரிக்கிறார். அவர்கள் கேட்டதற்கேற்ப அங்கேயே செய்யுளும் இயற்றிக் காட்டுகிறார். வேலை கிடைக்கிறது.

செட்டியார் தம் வார்த்தையைக் கொடுத்ததோடு தம் பெயரையும் அல்லவா பணயம் வைத்தார்? அந்த இளைஞர் சபையில் தடுமாறியிருந்தால் தலைகுனிய வேண்டியவர் செட்டியார். அந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டு பேசியதனால்தான் அந்தச் சிபாரிசுக்கு ஒரு கனம் இருந்தது. இன்றைய பத்தாம் வகுப்பு ஆசிரியர் மட்டும் என்ன, தம் பிள்ளைகளை அறியாதவரா? எந்தப் பையனுக்கு அல்ஜீப்ரா புரிந்தும் கையெழுத்து காலை வாரிவிடுகிறது, எந்தப் பெண் உரைநூலை அப்படியே நெட்டுருப் போட்டு ஒப்பிக்கிறாள், எந்த பெஞ்சில் ஒருவன் எழுத மூவர் பார்த்து எழுதுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நாலு வாக்கியம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்க நமக்கு ஏன் தோன்றவில்லை?

கேட்டால் என்ன ஆகும் என்று என் நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தொலைபேசியில் ஒரு மூச்சு பொரிந்து தள்ளினார். டியூஷனுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு வாக்கியம், வராத பிள்ளைக்கு ஒரு வாக்கியம். சாதி பார்த்து ஒன்று, பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு ஒன்று. யார் எழுதியது என்று திருத்துபவருக்குத் தெரியாதபடி விடைத்தாளை வேற்றூருக்கு அனுப்பும் ஏற்பாடு வந்ததே இதற்காகத்தானே, செட்டியாரைத் தெரியாத ஏழைப் பிள்ளைக்குச் சிபாரிசு செய்ய யார் இருந்தார்கள் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. சாதாரண வருஷங்களில் அந்த ஏற்பாட்டை நான் குலைக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த வருஷம் காலாண்டுத் தாளைத் திருத்தியவரும் அதே உபாத்தியாயர்தானே? அவருடைய பட்சபாதம் எண்ணாக வந்தால் ஏற்றுக்கொள்வோம், வாக்கியமாக வந்தால் மாட்டோமா என்று நான் திருப்பிக் கேட்டேன். நண்பர் பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார்.

கும்பகோணத்தில் சிபாரிசோடு காரியம் முடியவில்லை, சபையும் பரிசோதித்தது என்பதை மறக்கக் கூடாது. அதேபோல் இங்கேயும் தேர்ச்சி என்று மட்டும் எழுதிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பள்ளி திறந்து பதினொன்றாம் வகுப்பில் பிரிவு கேட்டு வரும் பிள்ளையைத் தலைமையாசிரியர் எதிரே உட்காரவைத்து, பழைய ஆசிரியரின் நாலு வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாடப் புஸ்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கால்மணி நேரம் கேட்டிருக்கலாம். பையன் திக்கினால் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து மறுபடி கேட்டிருக்கலாம். அதற்குப் பரீட்சைக் கட்டணமும் கிடையாது.