முகம் பார்த்துப் பிழைத்தல்

தஸ்தயெவ்ஸ்கியின் 'சூதாடி' குறித்து நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, சூதாட்டத்தையே பிழைப்பாகக் கொண்டு ஒருவர் நாணயமாக வாழ முடியுமா என்ற கேள்வி எழுந்தது. 1866-இல் எழுதப்பட்ட அந்நாவலின் நாயகன் ஆடுவது ரூலெட். சுழலும் சக்கரத்துக்கு முகமில்லை. எத்தனை இரவுகள் கூர்ந்து நோக்கினாலும் அதனிடம் கற்றுக்கொள்ள ஏதுமில்லை. போக்கர் அப்படியன்று. அங்கே எதிரே அமர்ந்திருப்பவர் மனிதர். மனிதருக்குப் பழக்கங்கள் உண்டு.

லாஸ் வேகஸில் ஒன்று, இரண்டு டாலரில் பந்தயம் தொடங்கும் சிறிய மேசைகளில் அமர்ந்து பிழைப்பு நடத்துவோர் இருக்கிறார்கள். மற்றவர்களைவிட நல்ல சீட்டு இவர்களுக்கு வந்துவிடுவதில்லை. எப்போதும் விலகாமல் பணம் கட்டிக்கொண்டே இருப்பவரிடம் இவர்கள் பொய்ப் பந்தயம் வைப்பதில்லை. கையில் உண்மையான பலம் சேரும்வரை பொறுத்திருந்து, சேர்ந்ததும் கூடுதலாகக் கேட்கிறார்கள். எளிதில் அஞ்சி விலகுபவரை வெறுங்கையோடு மிரட்டுகிறார்கள். மைக் கேரோ 1984-இல் இத்தகைய உடற்குறிகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். பந்தயம் கட்டும்போது நடுங்கும் கை பெரும்பாலும் பொய்யைக் காட்டுவதில்லை, பெரிய சீட்டு வந்துவிட்ட படபடப்பையே காட்டுகிறது என்பது அவர் தந்த பாடங்களில் ஒன்று.

2017-இல் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு 20 நாள்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. எதிராளியின் பழக்கங்களைத் தேடி அது அலையவில்லை. தன் ஆட்டத்தின் ஓட்டைகளை இரவுதோறும் அடைத்துக்கொண்டது. மனிதரின் பிழைப்போ இதற்கு நேர்மாறானது. மேசையில் எவரும் பிழை செய்யாவிட்டால் அவருக்கு வருமானமில்லை.

"இது சூதன்று, திறமை" என்று இவர்களுக்காக வாதிடுவோர் சொல்கிறார்கள். நாமும் அதை மறுக்கவில்லை. ஆனால், அறக்கேள்வி கூர்மையாவது அங்கேதான் என்பது நம் கருத்து. முழுக்கவும் அதிர்ஷ்டமே என்றால், வென்றவர் தோற்றவரிடம் 'விதி' என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். திறமை என்றாலோ, எவரிடமிருந்து, எந்தப் பலவீனத்தின் வழியாக எடுத்தோம் என்பது எடுத்தவருக்குத் தெரியும். மேசையில் எதுவும் விளைவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்தின் பந்தயத் தொகையிலிருந்தும் விடுதி ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால், உள்ளே வந்த பணத்தைவிடக் குறைந்த பணமே வெளியே போகிறது. ஒருவரின் வீட்டு வாடகை இன்னொருவரின் இழப்பு.

வயது வந்தோர் தாமாகவே வந்து அமர்கிறார்கள். விடுமுறைப் பயணி இரண்டு மணி நேரக் கேளிக்கைக்கு விலை கொடுத்துவிட்டுப் போகிறார். இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். அவர் பொருட்டு நமக்கும் வருத்தமில்லை. ஆனால் அதே மேசைக்கு, கூலி வாங்கிய கையோடு வாரந்தோறும் வந்து, இழந்ததை மீட்கும் வெறியில் மேலும் இழக்கும் உள்ளூர்க்காரரும் வருகிறார். இருவரையும் பிரித்தறிய இயலவில்லை என்று தொழில்முறை ஆட்டக்காரர் மட்டும் சொல்ல முடியாது. பிரித்தறிவதுதானே அவருடைய தொழில்!

மோசமாக ஆடுபவரைத் திருத்தாதே என்பது இத்தொழிலின் எழுதாத விதி. அவர் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். நாளையும் வர வேண்டும்.

மனிதரைக் கூர்ந்து கவனிப்பதே பரிவின் தொடக்கம் என்று வாசகர்களாகிய நாம் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். நாவலாசிரியரைப் போற்றுவதும் அதற்காகவே. போக்கர் மேசை அந்நம்பிக்கையை அசைத்துப் பார்க்கிறது. நடுங்கும் கையை இருவருமே காண்கிறார்கள். கண்டதை ஒருவர் நமக்குத் திருப்பித் தருகிறார். மற்றவர் வில்லைகளாக மாற்றிக்கொள்கிறார். கவனம் என்பது தன்னளவில் அறமாகிவிடாது. யாருக்காகக் கவனிக்கிறோம் என்பதை எழுதுவோரும் வாசிப்போரும் அவ்வப்போது கேட்டுக்கொள்வது நல்லது.