ரசனைக்குத் தீர்மானம் போட முடியுமா?

கூலிக்குத் தீர்மானம் போடலாம், போனசுக்குப் போடலாம், குத்தகைக்கும் வாரத்துக்கும் போடலாம். போடத்தான் வேண்டும். ஆனால் ஒரு மனிதனுக்கு எந்தச் சங்கீதம் இனிக்க வேண்டும் என்று தீர்மானம் போட முடியுமா? போட்டுப் பார்த்த வரலாறு உண்டு. ஆலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளித் தோழர்களும் அதை அறிய வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

ஐரோப்பிய சாஸ்திரிய சங்கீதத்தில் நெடுநாளாக ஒரு வழக்கு நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தழைத்தது ரொமான்டிக் இசை. ருஷ்யாவின் சைக்கோவ்ஸ்கி அந்த வழியில் வந்த மேதை. உணர்ச்சி பொங்கும், மெட்டு நெஞ்சில் நிற்கும், வீடு வரை கூடவே வரும். 20ஆம் நூற்றாண்டில் எழுந்தது நவீன இசை. அதில் சுரங்கள் மோதும். தாளம் திடீரென்று திசை மாறும். முதல் தடவை கேட்பவனுக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்றே தெரியாது. முன்னதுதான் இசை, பின்னது இரைச்சல் என்பார்கள் ஒரு சாரார். முன்னது பழங்கஞ்சி, பின்னதே கலை என்பார்கள் மறு சாரார்.

சோவியத் நாட்டில் இந்த வழக்கு பத்திரிகைக்கு ஏறியது. ஷாஸ்டகோவிச் எழுதிய ‘லேடி மாக்பெத்’ என்ற இசை நாடகம் 1934ல் லெனின்கிராடில் அரங்கேறி, இரண்டு ஆண்டுகள் வெற்றிகரமாக நடந்தது. 1936 ஜனவரி 26 அன்று ஸ்டாலின் அதைப் பார்த்தார். இரண்டே நாளில், அது இசையல்ல, குழப்பம் என்று ‘பிராவ்தா’ தலையங்கம் தீட்டியது. அதுவரை புகழ்ந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அதே ஆண்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்த தமது நான்காவது சிம்பொனியை ஷாஸ்டகோவிச் திரும்பப் பெற்றார். 1961 வரை எந்த வாத்தியக் குழுவும் அதை மேடையில் வாசிக்கவில்லை.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கலைஞனுக்குச் சோறு போடுகிறவர்கள் உழைக்கும் மக்கள். அவர்களுக்குப் புரியாத இசை யாருக்காக? நியாயமான கேள்வி. கலைஞன் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். ஆனால் இன்று புரியாதது என்றைக்குமே புரியாது என்று யார் சொன்னது? இன்று தேனாக இனிக்கும் சைக்கோவ்ஸ்கியின் வயலின் கன்சர்ட்டோ 1881ல் வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, ஹான்ஸ்லிக் என்ற பெரிய விமர்சகர் அதை நாற்றமடிக்கும் இசை என்றே ஏசினார். காதும் பழகப் பழகத்தான் கற்றுக்கொள்கிறது.

1941 செப்டம்பரில் ஹிட்லரின் படை லெனின்கிராடைச் சூழ்ந்தது. குழப்பக்காரர் என்று ஏசப்பட்ட அதே ஷாஸ்டகோவிச், அங்கே தீயணைப்புப் படையில் தொண்டாற்றிக்கொண்டே ஏழாவது சிம்பொனியின் பெரும்பகுதியை எழுதினார். பழைய வழியும் புதிய வழியும் கலந்த இசை அது. 1942 ஆகஸ்ட் 9 அன்று முற்றுகைக்குள்ளேயே அது வாசிக்கப்பட்டது. வானொலி வாத்தியக் குழுவில் பலர் பசியால் மாண்டு போயிருந்தார்கள். ராணுவ வாத்தியக்காரர்களைக் கூட்டி வந்து எலியாஸ்பெர்க் குழுவை நிரப்பினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்த இசையை, பட்டினியில் வாடிய மக்கள் அமர்ந்து கேட்டார்கள். ஒலிபெருக்கிகள் வழியே எதிரியின் காதுக்கும் அது போயிற்று. மக்களுக்குப் புரியாது என்று சொன்னவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இத்தனைக்குப் பிறகும் 1948 பிப்ரவரியில் மத்தியக் கமிட்டி மறுபடியும் தீர்மானம் போட்டது. ஷாஸ்டகோவிச், புரோகோஃபியேவ், கச்சதூரியன் முதலானோர் மக்களுக்கு விரோதமான வழியில் போகிறார்கள் என்றது. ஷாஸ்டகோவிச் ஆசிரியர் வேலையை இழந்தார். 1958 மே மாதம் அதே கமிட்டி, அந்த மதிப்பீடுகள் நியாயமற்றவை என்று திருத்தியது. திருத்தியது நல்லது. ஆனால் அதைக் கேட்கப் புரோகோஃபியேவ் உயிரோடு இல்லை, 1953லேயே இறந்துவிட்டார். கம்யூனிஸ்டுகளின் பெயரால் நடந்தது என்பதற்காக இதை நாம் நியாயப்படுத்த மாட்டோம்.

இன்னொரு சாட்சியும் உண்டு. மொசலோவ் என்ற சோவியத் இசைக்கலைஞர் 1920களில் ‘இரும்பு வார்ப்பாலை’ என்ற இசையை எழுதினார். வாத்தியங்களே இயந்திரமாய் அலறும். இரும்புத் தகடும் சேர்ந்து அதிரும். ஒரே ஷிப்டில் வேலை செய்யும் இருவரிடம் இதைக் கொடுங்கள். எட்டு மணி நேரம் தறிச் சத்தம் கேட்டவனுக்கு வீட்டிலும் இதுவா, சைக்கோவ்ஸ்கியைப் போடு என்பார் ஒருவர். நம் இயந்திரத்துக்கும் ஒரு பாட்டு வந்ததே என்று துள்ளுவார் மற்றவர். இருவரும் ஒரே வர்க்கம், ஒரே சங்கம். இதில் யார் துரோகி? யாருமில்லை! காது அவரவருடையது.

இதைக் கேட்டு, பாமரனுக்கு நவீன இசை எட்டாது என்று பேசும் சீமான்கள் மகிழ வேண்டாம். வியன்னாவில் 1905ல் டேவிட் யோசெஃப் பாக் என்பவர் தொழிலாளர் சிம்பொனிக் கச்சேரிகளைத் தொடங்கினார். அதை நடத்திய சமூக ஜனநாயகக் கட்சியோடு நமக்கு ஆயிரம் தகராறு உண்டு. ஆனால் இது நல்ல காரியம். குறைந்த கட்டணத்தில் பீத்தோவனும் மாலரும் மட்டுமல்ல, ஷோன்பர்க்கும் தொழிலாளர் காதுக்கு வந்தார்கள். நவீன இசையின் முன்னோடியான வெபர்ன் 1922 முதல் வாத்தியக் குழுவை நடத்தினார். 1934ல் பிற்போக்கு ஆட்சி அந்தக் கட்சியைத் தடை செய்தது, கச்சேரிகளும் நின்றன.

தோழர்களே, நாம் கேட்பது இதுதான். எது பிடிக்க வேண்டும் என்று எந்தக் கமிட்டியும் நமக்குச் சொல்ல வேண்டாம். எது நமக்குப் புரியாது என்று எந்தச் சீமானும் சொல்ல வேண்டாம். கேட்க ஓய்வு வேண்டும். கட்டணம் நம் கைக்கு எட்ட வேண்டும். பழையதும் புதியதும் நம் காதுக்கு வர வேண்டும். இவற்றுக்காகத் தீர்மானம் போடுவோம், போராடுவோம். பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பதைக் கேட்ட பிறகு நாமே சொல்லிக்கொள்வோம்!