டப்பாவைத் திருப்பித் தரும்போது

கடந்த சனிக்கிழமை மாலை எங்கள் தோட்டத்தில் வேலை ஒன்றும் நடக்கவில்லை. நான்கு மணிக்குப் பிடித்த மழை ஆறு மணி வரை விடவில்லை. தகரக் கொட்டகைக்குள் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, தே ஓ குடித்தபடி பேசிக்கொண்டிருந்தோம்.

மாசாய்ப் பக்கம் உள்ள எங்கள் தாமானில், வீடுகளுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் எட்டுக் குடும்பங்கள் காய்கறி போடுகிறோம். மற்ற மாதங்களில் எங்கள் பேச்சு பூச்சி, உரம், குரங்குத் தொல்லை என்று போகும். ஆண்டுக் கடைசி நெருங்கினால் ஒரே பேச்சுதான்.

"வெண்டிக்காய் எடுத்துக்கிறீங்களா?"

"ஐயோ, நானே உங்ககிட்ட கேக்கலாம்னுதானே வந்தேன்!"

குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் அறுவடைக் காலம். ஜொகூரில் ஒரேயடியாக இலை உதிர்ப்பது ரப்பர் மரந்தான், அதுவும் பிப்ரவரி, மார்ச் வாக்கில். ஐப்பசி மழை பிடித்ததும் நம் ஊரில் எல்லாம் துளிர்க்கும். கங்கோங் இன்று அறுத்தால் அடுத்த வாரமே தலையெடுக்கும். மரவள்ளிக் கொழுந்து, செக்குர் மானிஸ், பீர்க்கங்காய் என எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். வெண்டிக்காயை இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் நார் ஏறிவிடும். ஒரு குடும்பம் எவ்வளவுதான் சாப்பிடும்?

புதிதாக எங்களோடு சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருபவர், ஒரு யோசனை சொன்னார். "தாமான் வாட்சப் குரூப்ல போட்டுடலாம் அக்கா. இலவசம், வேண்டியவங்க வந்து எடுத்துக்கலாம்னு. வேலை முடிஞ்சுது."

எங்களில் மூத்தவரான பாட்டி டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "போடு தம்பி. வசதி உள்ளவன் வருவான். வாங்க வேண்டியவ வரமாட்டா."

தம்பிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பாட்டி என்னைப் பார்க்காமல் சொன்னாலும், அது எனக்கும் சேர்த்துத்தான்.

பாட்டி வளர்ந்தது குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் பால் வெட்டு இல்லை. பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஆகவே ஆண்டுக் கடைசியில் கையில் காசு வற்றும். அதே மாதங்களில்தான் லயத்து வீட்டுப் பின்புறம் கீரையும் மரவள்ளியும் முருங்கையும் கொழிக்கும். இல்லாமையும் மிகுதியும் ஒரே மழையில் வரும் என்பார் பாட்டி.

அப்போது லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கிண்ணத்தில் எது வந்தாலும் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. ஒரு பிடி கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய், ஒன்றும் இல்லாவிட்டால் கொஞ்சம் சர்க்கரை போட்டுத்தான் தர வேண்டும். தமிழர் வீடுகளில் மட்டுமில்லை. "எங்க கம்போங்கிலயும் அப்படித்தான்" என்று பக்கத்தில் இருந்த மாக்சிக் தலையாட்டினார். அந்த வழக்கத்தில் கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டு சாதி கிடையாது. அதனால்தான் யாரும் கூசாமல் வாங்கினார்கள்.

நல்ல வழக்கந்தான். ஆனால் 2020-இல் அதை நான் தவறாகப் பயன்படுத்தினேன்.

அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து எல்லை மூடப்பட்டது நினைவிருக்கும். ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம்தான் ஜொகூர்ப் பாலம். 1924-இல் திறந்த நாளிலிருந்து மக்கள் நடந்தும் பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் கடந்த பாலம் அது. அந்த ஒரு கிலோமீட்டர் பல குடும்பங்களுக்குக் கடலைவிட அகலமாகிவிட்டது. இடையிடையே சில ஏற்பாடுகள் வந்தாலும், தடுப்பூசி போட்ட எல்லாரும் தரைவழியே வழக்கம்போல் போய்வர 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் வரிசையில் ஓர் அக்கா. கணவர் சிங்கப்பூரில் வேலை. முதலில் அங்கேயே மாட்டிக்கொண்டார். பிறகு வேலை போய்த் திரும்பி வந்தார். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், மோட்டார் கடன். அக்காவும் எங்களோடு பாத்தி வைத்திருந்தவர்தான். மெல்ல மெல்லத் தோட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் பாத்தியில் புல் ஏறியது.

அந்த நவம்பரில் எனக்கு வெண்டியும் பீர்க்கும் ஏராளம். டப்பாவில் போட்டு அவர் வீட்டு வாசல் கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன். டப்பா திரும்பவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று. அதுவும் திரும்பவில்லை. மூன்றாவது வாரம் நான் கூப்பிட்ட சத்தம் கேட்டும் அவர் வெளியே வரவில்லை. உள்ளே விசிறி ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

கொட்டகையில் வந்து எல்லார் முன்னாலும் சொன்னேன்: "மூணு டப்பா போச்சு. ஒரு நன்றிகூட இல்ல."

பாட்டி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபின் என்னைத் தனியே நிறுத்தினார். "டப்பாவுல போட்டுத் தர அவகிட்ட என்னம்மா இருக்கு? வெறும் டப்பாவோட உன் வாசலுக்கு எப்படி வருவா?"

அப்புறம் இன்னொன்றும் கேட்டார். "நீ அவளுக்குப் போட்ட வெண்டி எது? உன் வீட்டுக்கு எடுத்தது போக மிஞ்சினதுதானே? நுனி ஒடியுமா, வளையுமா?"

வளையும். முற்றியதைத்தான் நான் கொடுத்திருந்தேன். பிஞ்சை நாங்கள் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை பாட்டி ஒரு பழைய பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த அக்கா வீட்டு வாசலில் நின்றார். நானும் போனேன். கதவு திறந்ததும் பாட்டி நலம் விசாரிக்கவில்லை, கஷ்டம் கேட்கவில்லை. "எனக்கு ஓர் ஒத்தாசை செய்யணும் பிள்ள. எருக்குழிக்குக் குப்பை பத்தல. வெங்காயத் தோலு, டீத்தூளு, முட்டை ஓடு, காய் நறுக்கின கழிவு எல்லாம் இதுல போட்டு வை. எண்ணெய்ப் பதார்த்தமும் மீன் முள்ளும் போடாத, எலி வந்துடும்" என்றார்.

குப்பை இல்லாத வீடு இல்லையே! இரண்டு நாள் கழித்து அக்கா வாளியோடு தோட்டத்துக்கு வந்தார். என் மூன்று டப்பாக்களும் கையில் இருந்தன. மூன்றிலும் நிரம்ப வெங்காயத் தோல். "இதுதான்மா இருக்கு" என்று என்னிடம் நீட்டினார். வாங்கும்போது எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. திரும்பிப் போகும்போது அவர் வாளியில் கங்கோங்கும் வெண்டியும் இருந்தன. வெண்டி பிஞ்சு.

மறு ஆண்டு, 2021 ஜூன் கடைசியில், உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. முன்பின் தெரியாதவர்கள் அரிசியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பலர் பசியாறினார்கள். ஆனால் நீங்களே சொல்லுங்கள், அந்த நிலை வந்தால் நம்மில் எத்தனை பேர் கொடி கட்டியிருப்போம்?

நம் நாட்டில் நாள்தோறும் ஏறக்குறைய 17,000 டன் உணவுக் கழிவு குப்பைக்குப் போகிறது, அதில் சுமார் 4,000 டன் இன்னும் சாப்பிடத் தகுந்தது என்று திடக்கழிவுக் கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவர்களைக் காக்க 2020-இல் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. கெடாத உணவைக் கவனத்தோடு கொடுத்தவர், பின்னால் வழக்கு வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரிய கடைகளுக்கும் விருந்து மண்டபங்களுக்கும் அது தேவைதான். நம் வாசலில் நிற்கும் தயக்கம் வேறு. "எனக்கு வேண்டும்" என்று சொல்ல நா எழாத பக்கத்து வீட்டுக்காரரை நாம்தான் கவனிக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் இப்போது இரண்டு பழக்கங்கள் உண்டு. முதல் பறிப்பிலேயே கொடுக்க வேண்டியதைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறோம், மிச்சம் வருமா என்று காத்திருப்பதில்லை. ஏதாவது கொடுக்கப் போகும்போது ஏதாவது கேட்டும் வருகிறோம். எருவுக்குக் கழிவு, நாற்றுப் போட முட்டை அட்டை, பழைய நாளிதழ், ஒரு மணி நேரம் களை பிடுங்க ஆள். கேட்டால்தான் அவர்களும் நம்மிடம் கேட்பார்கள்.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லி முடிக்கையில் மழை தூறலாகிவிட்டது. அந்த அக்காவும் குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். எதைப் பற்றிப் பேசினோம் என்று தெரிந்ததும் சிரித்தார். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. பேரு மட்டும் வேணாம்" என்றார். அவர் கணவர் இப்போது மறுபடி பாலம் கடந்து வேலைக்குப் போகிறார். அவர் பாத்தியில் கத்திரி காய்த்துத் தொங்குகிறது.

மழையில் நிறைந்திருந்த பூவாளியையும் சட்டிகளையும் கொசு வராமல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினோம். அக்கா ஒரு டப்பா நிறையக் கத்திரிக்காய் பறித்துத் தம்பியின் கையில் கொடுத்தார். அவர் பணப்பையைத் தொடப் போனதைப் பார்த்துவிட்டு,

"காசெல்லாம் வேணாம் தம்பி. டப்பாவைத் தரும்போது வெங்காயத் தோல் போட்டுக் கொண்டு வாங்க" என்றார்.